ராணி அக்காவும் பளபளக்காத அட்டைகளும்

செய்தி வந்தபோது நான் ராணி அக்காவுக்குத்தான் குறுஞ்செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்ட் டாமாக்கியில் உள்ள எங்கள் தொழிற்சாலையின் தேநீர் அறை. அமெரிக்காவில் மாலையில் ஆடுகிற பேஸ்பால் ஆட்டம், ஆக்லாந்தில் இருக்கும் நமக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேரும். கைபேசித் திரையில் அவருடைய அணி எட்டாவது இன்னிங்ஸில் முந்தி நின்றது. "அக்கா, பாக்கிறியளோ? விடாமல் அடிக்கிறாங்கள்!" என்று எழுதி அனுப்பப் போன நேரத்தில் அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. வழக்கம்போல அவர் என்னை முந்திவிட்டார் என்று நினைத்தேன். எடுத்தவுடன், "பாத்தனீங்களோ அக்கா!" என்று கத்தினேன்.

மறுமுனையில் அவருடைய கணவர் டேவிட் அண்ணா.

"வசந்தி, ராணி காலையில போயிட்டாம்மா."

எனக்கு விளங்கவில்லை. "எங்க போனவ?" என்று கேட்டேன்.

"டீ குடிச்சா. மேட்ச் ஆரம்பிக்கட்டும்னு சோபாவுல உக்காந்தா. நான் குப்பைத் தொட்டியை ரோட்டோரம் வச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள…"

பிறகு அவர் கேட்டார்: "யாரு ஜெயிக்கிறா?"

"எங்கட ஆக்கள்தான், அண்ணா."

"சரி. நல்லது," என்றார். அதன் பிறகுதான் அவர் அழுதார்.

பாபகூராவில் அவரோடு ஒரே தேவாலயத்தில் பாடியவர்களும், அவர் தலைமை தாங்கிய பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவர்களும், தபாலில் மட்டுமே அவரை அறிந்த அட்டைச் சேகரிப்பாளர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராணி அக்காவைப் பற்றிச் சோகமாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. எந்த நினைவைத் தொட்டாலும் அதிலிருந்து அவர் துள்ளி எழுந்து நிற்கிறார். ஆகவே அவர் இருந்தபடியே எழுதுகிறேன்.

ஈப்போவில் பிறந்து, வேதியியல் படித்து, கணவரோடு இந்த ஊருக்கு வந்தவர் அவர். சாஸ் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓய்வு பெறும்வரை நெடுங்காலம் தலைவியாக இருந்தார். வேலையில் கண்டிப்பு. நான் சேர்ந்த முதல் நாள் காலையில் என் அறிக்கையைத் திருப்பித் தந்து, "மறுபடியும் பாரு. இங்க ஒரு பாட்டில் தப்பாப் போனா, யாரோ வீட்டுப் பிள்ளைக்கு வயித்துவலி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் இந்த வேலையில் நான் நிலைக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் அதே பெண்மணி என் மேசைக்கு ஓடிவந்தார். வெள்ளை அங்கியைக் கழற்றியிருந்தார். கையில் தாளில் சுற்றிய ஒரு சிறு பொதி.

"நீ யாழ்ப்பாணமா? சரி, கைய நீட்டு. உனக்குக் கைராசி உண்டா?"

"தெரியாது அக்கா. ஒருதரும் சொல்லேல்ல."

"இப்பப் பாத்துருவோம் லா. பிரி." ஈப்போக்காரர்களின் அந்த 'லா' அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும்.

பிரித்தேன். உள்ளே சில அட்டைகள். தடித்த சாம்பல் நிற அட்டையில், தொப்பி போட்ட ஆண்களின் முகங்கள் ஓவியம் தீட்டியது போல அச்சாகியிருந்தன. எல்லாரும் பேஸ்பால் வீரர்கள்; எந்தப் பொதியில் யார் இருப்பார் என்று பிரித்தால்தான் தெரியும். நான் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். கடைசிக்கு முந்தைய அட்டையை வைத்ததும் ராணி அக்கா, 'ஐயோ அம்மா' என்பதற்கு அவர் ஊரில் சொல்வது போல, "அலாமாக்!" என்று போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் ஒருவர் தேநீரைக் கொட்டிவிட்டார். அவருடைய அணியின் நட்சத்திர வீரன். அட்டையின் கீழ்ப்புறத்தில் நீல மையில் அவனுடைய சொந்தக் கையெழுத்து. அப்படிப்பட்ட அட்டை பெட்டி பெட்டியாக உடைத்தாலும் எளிதில் கிடைக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து அவர் வாங்கிய பொதிகளைப் பிரிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான். நான் காய்ச்சலில் வீட்டில் இருந்தால் பொதிகளும் எனக்காகக் காத்திருக்கும்.

அந்த அணியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்கள் எதிரணியின் ரசிகர்களாக இருந்துவிட்டால், பெயரைக் கண்டவுடன் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அவர் அந்த அணியை ஒருபோதும் நேரில் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் டேவிட் அண்ணா வேலைக்குப் போய்விட, அவர் வாடகை வீட்டில் நேர்முகத் தேர்வு அழைப்புக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் தொலைக்காட்சியில், விதிகூடத் தெரியாத ஒரு விளையாட்டில், ஓர் அணி மிக மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசி இன்னிங்ஸ். பார்வையாளர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவன் அடித்தான், அடுத்தவன் அடித்தான், அதற்கு அடுத்தவனும் அடித்தான். வெளியே போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். ராணி அக்கா நாற்காலியின் மேல் ஏறி நின்றுவிட்டார். அணி வென்றது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் உண்மையிலேயே எழுந்து நிற்பார். தேநீர் அறையில் என்றாலும், ரயிலில் என்றாலும்.

"அதுக்கப்புறம் அவனுங்க ஒழுங்கா ஜெயிச்சதே இல்ல," என்று சிரிப்பார். "தோக்குற டீமுக்குத்தான் லா ரசிகர் வேணும். ஜெயிக்கிறவனுக்கு நாம எதுக்கு?"

அவர் சேர்த்தது பழைய பாணி அட்டைகளை மட்டும். இன்றைய வீரர்களை, பல தலைமுறைகளுக்கு முந்தைய அட்டைகளின் வடிவத்தில் வரைந்து, வழவழப்பு ஏற்றாத காகித அட்டையில் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். பின்பக்கத்தில் ஒரு சிறு கேலிச்சித்திரமும் ஒரு கேள்வியும் இருக்கும். மின்னும் அட்டைகளும் சந்தையில் நிறைய உண்டு. அவற்றைக் கையால்கூடத் தொடமாட்டார். "பளபளன்னு இருந்தா அது கார்டு இல்ல, கண்ணாடி. நம்ம மூஞ்சிதான் தெரியும். நான் அவனுங்க மூஞ்சியப் பாக்கணும்." புதிய பொதியைப் பிரித்தவுடன் முதலில் மோந்து பார்ப்பார். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. புதுப் பாடப்புத்தகமும் ஈரமான மரமும் கலந்தது போன்ற மணம் அது.

ஒரு தீபாவளி விருந்தில் ஒரு பெண்மணி, "இந்த வயசில பேரப்பிள்ளைகள் விளையாடுற சாமானை ஏன் சேர்க்கிறீங்க?" என்று கேட்டார். நான் குன்றிப்போனேன். ராணி அக்கா கொஞ்சமும் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, "இவனப் பாருங்க. இவன் கால் ஒடஞ்சு, இனி ஆட மாட்டான்னு டாக்டர் சொன்னவன்," என்று தொடங்கினார். விருந்து முடியும்போது அந்தப் பெண்மணி தட்டை மறந்துவிட்டு, "பிறகு என்ன ஆச்சு? ஓடினானா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி புக்கெகோஹிப் பயணம். அவரை அறிந்த எல்லாருக்கும் இதன் ஏதோ ஒரு வடிவம் தெரியும். நான் கூடவே இருந்தவள் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓர் ஆண்டின் அட்டைத் தொகுதியில் அவருடைய அணியின் அட்டைகள் எல்லாம் சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. சில அட்டைகளை வேண்டுமென்றே குறைவாக அச்சிடுவார்கள். அப்படி அகப்படாமல் போனது மாற்று கேட்சரின் அட்டை. மட்டையடிப்பவருக்குப் பின்னால் முகக்கவசத்தோடு குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர். முதன்மை கேட்சருக்கு ஓய்வு தேவைப்படும்போது மட்டும் இறங்குபவர் மாற்று கேட்சர். பெயர் எடி. உலகத்தில் யாரும் தேடாத ஒரு வீரனின் அட்டையை ராணி அக்கா உயிரைக் கொடுத்துத் தேடினார்.

ஒருநாள் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்டார். தெற்கே புக்கெகோஹி என்ற விவசாய ஊரில் ஒருவரிடம் அந்த ஆண்டின் பிரிக்காத பெட்டி ஒன்று இருக்கிறது. முழுதாக வாசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கொட்டும் மழையில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். வழி முழுக்கச் செம்மண் வயல்கள். கார் சக்கரம் ஒருமுறை சேற்றில் புதைந்தது. நான் இறங்கித் தள்ளினேன். கதவைத் திறந்தவர் வாரன் என்ற வெங்காயத் தோட்டக்காரர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் நனைந்த ஒரு தொப்பி.

தொப்பியைப் பார்த்தவுடன் ராணி அக்கா என் கையைக் கிள்ளினார். அவருடைய அணியின் தொப்பி.

"பெட்டி விற்பனைக்கு இல்லை," என்றார் வாரன், முதல் வேலையாக. "மாற்றிக்கொள்ள மட்டும் என்று எழுதியிருந்தேனே. எனக்கும் ஒரே ஓர் அட்டைதான் குறைகிறது."

"யாரு?" என்று கேட்டார் ராணி அக்கா. கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எடி."

மழை கொட்டுகிறது, ஒரே வீரனைத் தேடும் இரண்டு பேர் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டு நடுவில் நான். "அப்படியென்றால் ஏன் இன்னும் பெட்டியை உடைக்கவில்லை?" என்று ராணி அக்கா கேட்டார். வாரன் தயங்கினார். வாலிப வயதில் ஓராண்டு அந்த அணியின் நகரத்தில் தங்கிப் படித்தவர் அவர். அவருக்குத் தெரிந்த எவரும் இந்த ஊரில் இந்த விளையாட்டைப் பார்ப்பதில்லை. "தனியாக உடைக்க மனம் வரவில்லை," என்றார்.

அவ்வளவுதான். வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில், மேசையிலிருந்து சருகுகளைத் தள்ளிவிட்டுப் பெட்டியை நடுவில் வைத்தார்கள். ஒரு பொதி அவருக்கு, ஒரு பொதி எங்களுக்கு. எங்கள் பங்குக்கு ஈடாக ராணி அக்கா தன்னிடம் இரண்டாக இருந்த அட்டைகளைத் தருவார். எங்கள் பொதிகளை நான்தான் பிரிக்க வேண்டும் என்று அவர் கைராசியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விரிவுரையே நடத்தினார். வாரன் மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, தன் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார்.

பெட்டி பாதியானது. எடி இல்லை. முக்கால்வாசி போனது. எடி இல்லை. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் நாங்கள் கத்திக் கத்திப் பேசினோம். விளையாட்டே தெரியாத நான், முகம்கூடத் தெரியாத ஒரு மனிதனுக்காக, "வாடா, வாடா," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தைய பொதி வாரனுடையது. அவர் பிரித்தார், விரித்தார், அப்படியே நின்றார். அட்டையை எங்கள் பக்கம் திருப்பினார். முகக்கவசத்தை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, கொஞ்சம் களைத்த முகத்தோடு எடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராணி அக்கா போட்ட கூச்சலில் கொட்டகைக்கு வெளியே நாய் குரைத்தது. வெங்காயத் தோட்டக்காரரைக் கட்டிப்பிடித்து, "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று குதித்தார். வாரனும் குதித்தார். பூட்ஸிலிருந்து சேறு பறந்தது.

நான் மெல்ல அவர் காதருகில் போய், "அக்கா, அது அவருக்கெல்லோ வந்தது," என்றேன்.

"தெரியும் லா. யாருக்கு வந்தா என்ன? இவ்வளவு நாளா எங்க இருக்கான்னு தெரியாம இருந்தோம். இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல!"

அவர் நடிக்கவில்லை. நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையின் நிழல்கூட அதில் இல்லை. எங்களுக்கு வந்த கடைசிப் பொதியில் அவருடைய அணிக்காரன் ஒருவனும் இல்லை.

அந்த மகிழ்ச்சிதான் வாரனை அசைத்திருக்க வேண்டும். தேநீர் குடிக்கும்போது அவராகவே சொன்னார். கோடையில் வெங்காய அறுவடை, அப்போது அட்டையை எடுத்துப் பார்க்கக்கூட நேரம் இருக்காது, ஆகவே கோடை முழுவதும் எடி பாபகூராவில் ராணி அக்கா வீட்டில் இருக்கட்டும், மற்றக் காலமெல்லாம் புக்கெகோஹியில் இருக்கட்டும் என்றார். அப்படியே ஆனது. எடிக்கு ஆக்லாந்தில் இரண்டு வீடுகள். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ராணி அக்கா வாரன் குடும்பத்துக்குக் கறிக்கஞ்சி சமைத்தார், வாரன் ஒரு மூட்டை வெங்காயம் கொண்டுவந்தார். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் அந்த வாரங்களில் யாரும் கடையில் வெங்காயம் வாங்கியதில்லை.

சில கோடைகள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராணி அக்கா மூச்சு வாங்க என் மேசைக்கு வந்தார். வாயிலிருந்து சொல் வரவில்லை. கைபேசியை நீட்டினார். தெற்கு ஆக்லாந்தின் ஒரு மைதானத்தில் சிறுவர்களுக்கு இலவசப் பேஸ்பால் பயிற்சி முகாம். பயிற்றுநர், அமெரிக்காவில் ஆடி ஓய்வு பெற்ற ஒரு கேட்சர். பெயரை வாசித்தேன்.

"அக்கா! எங்கட எடியோ?"

"நம்ம எடி லா! நம்ம வீட்டுல இருக்கிறவன்!"

மறுநாள் நாங்கள் போனபோது மைதானத்தில் கூட்டம் இல்லை. சில பெற்றோர்களும் பந்தைத் துரத்துகிற பிள்ளைகளும்தான். டேவிட் அண்ணா மடக்கு நாற்காலியைச் சுமந்து வந்தார். ராணி அக்கா அதில் உட்காரவே இல்லை. பயிற்சி முடிந்ததும் எடி தண்ணீர்ப் புட்டியோடு வேலியோரம் வந்தார். அட்டையில் இருந்ததைவிடப் பருமனாக, தாடி நரைத்து இருந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியவில்லை. ராணி அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, மழைக்கு நடுவே நீண்டுபோன ஓர் ஆட்டத்தில் அவர் கடைசியாக அடித்த அடியைப் பற்றி, முதல் பந்திலிருந்து ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினார். எடி புட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்கள் அதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "என் மனைவியே அன்று பாதியில் தூங்கிவிட்டாள்."

அப்போது ராணி அக்கா அட்டையை எடுத்தார். எடி அதை விளிம்பில் பிடித்து வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். இப்படி ஒன்று வந்தது என்று கேள்விப்பட்டதோடு சரி, கையில் எடுத்ததே இல்லை என்றார். "என் அம்மா இதைத் தேடிக்கொண்டே இருக்கிறார். இதை நான் வைத்துக்கொள்ளலாமா? என்ன கேட்டாலும் தருகிறேன்."

ராணி அக்காவின் முகத்தை நான் அப்படி ஒருபோதும் பார்த்ததில்லை. சட்டென்று அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"முடியாது!" என்றார், சத்தமாக. பிறகு தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டு, "இதில் பாதி எனக்குச் சொந்தம் இல்லை," என்று சொல்லி, அங்கேயே வாரனை அழைத்தார். எடி அட்டையைக் கேட்கிறார் என்று சொல்லி, கைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தார். டிராக்டர் இரைச்சலுக்கு நடுவே வாரனின் குரல் வந்தது.

"யார்? எடியா? நிஜ எடியா? நமக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், ராணி!"

எடி வேலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். கையெழுத்தாவது போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். அதற்கும் வாரனின் சம்மதம் வாங்கப்பட்டது. ஓவியம் கெடாமல் பின்பக்கத்தில் போட வேண்டும், மை காயும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது என்பது வாரனின் நிபந்தனை. டேவிட் அண்ணா தொப்பியால் விசிறினார்.

திரும்பி வரும் வழியில் காரில் ராணி அக்கா அட்டையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாபகூரா நெருங்கும்போதுதான் பேசினார்.

"என்ன மனுஷி லா நான். அவன் மூஞ்சி போட்ட கார்டு. அவனப் பெத்தவ கேக்கிறா. எனக்கு வேணும்னு பிடுங்கிட்டேன்."

"அரைவாசி வாரன்ர எல்லோ அக்கா. நீங்கள் எப்பிடிக் குடுக்கிறது?"

"அது சாக்கு, வசந்தி. வாரன் குடுன்னு சொல்லியிருந்தாலும் நான் குடுத்திருக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

டேவிட் அண்ணா ஓட்டிக்கொண்டே, "அப்ப இன்னொண்ணு கண்டுபிடி," என்றார். அவர் அட்டைகளைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் தேடினோம். எத்தனையோ நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு எழுதினார். இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கும் அந்தக் கடிதங்கள் வந்திருக்கும். வியப்புக்குறிகளை வைத்தே அவருடைய கடிதம் என்று கண்டுபிடித்துவிடலாம். இருக்கிறது என்பார்கள், பார்த்தால் வேறு ஆண்டுடையது. அனுப்பினேன் என்பார்கள், வராது. கடைசியில் கனடாவில் ஒருவரிடம் எடி இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்றைத் தரச் சம்மதித்தார். ஆனால் அதற்கு மாற்றாக அவர் கேட்டது, என் முதல் நாளில் என் கையால் வந்த, நட்சத்திர வீரனின் கையெழுத்திட்ட அட்டை.

"வேண்டாம் அக்கா," என்றேன். "அது உங்கட சேகரிப்பிலேயே பெரிய கார்டு. ஒரு மாற்று கேட்சருக்குப் போய்…"

"நானும் ராத்திரி அதத்தான் யோசிச்சேன். அந்தப் பெரியவன் மூஞ்சி உலகம் பூரா இருக்கு. நாம இல்லாட்டியும் அவனுக்கு ஆள் இருக்கு. இவனுக்கு யாரு இருக்கா? நீ, நான், வாரன், அவன் அம்மா."

தபால் நிலையத்தில் உறையை ஒட்டும் முன் கடைசியாக ஒருமுறை அந்த அட்டையை மோந்து பார்த்தார். பிறகு ஒட்டி அனுப்பினார்.

கனடாவிலிருந்து எடி வந்தான். எங்கள் கூடத்தில் ஒருநாள் மட்டும் தங்கினான். அன்று எல்லாரும் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அவன் தன் தாயிடம் போனான். நாங்கள் காத்திருந்தோம். பதில், காணொளியாக வந்தது. ஒரு சமையலறையில் வயதான ஓர் அம்மா, உறையைக் கத்தரிக்கோலால் மெதுவாக வெட்டுகிறார். அட்டையை வெளியே எடுக்கிறார். பிறகு அவர் அலறிய அலறலில் படம்பிடித்தவரின் கை ஆடிவிட்டது. ராணி அக்காவைவிடப் பெரிய குரல். சமையலறையைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

"அலாமாக்! இவங்க எனக்கே அக்கா லா!" என்று ராணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த மாதம் பாபகூரா ரயிலில் அவரோடு பயணம் செய்த யாரும் அந்தக் காணொளியைப் பார்க்காமல் இறங்கியிருக்க முடியாது.

ராணி அக்காவின் நல்லடக்கத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். சவப்பெட்டியில் ஓர் அட்டையை வைக்கலாமா என்று யாரோ கேட்டபோது டேவிட் அண்ணா, "வேணாம். ஈரம் பட்டா கெட்டுப்போயிடும்னு ஏசுவா," என்றார். எல்லாரும் சிரித்தோம். வாரன் பின்வரிசையில், பொருந்தாத ஒரு கோட்டு அணிந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் டேவிட் அண்ணாவிடம் வந்து, கோடையில் எடியை வழக்கம்போலக் கொண்டுவரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கொண்டு வாங்க," என்றார் டேவிட் அண்ணா. "ஆனா அவன் யாரு, என்ன செஞ்சான்னு நீங்க உக்காந்து எனக்குச் சொல்லணும். அவ சொன்னப்ப நான் சரியாக் கேக்கல."

எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது எது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். சில அட்டைகளை டேவிட் அண்ணா எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறார். நான் சொல்ல வந்தது அவற்றை அல்ல. நான் வளர்ந்த காலத்தில், வளர்ந்த இடத்தில், நல்லது நடந்தால் மூச்சுக் காட்டமாட்டோம். பரீட்சையில் தேறினாலும் கடிதம் வந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வோம். வெளியே சொன்னால் பறிபோய்விடும் என்ற பயம். போர் முடிந்து, நாடு மாறி, இந்த ஊரில் வீடு வாங்கிய நாளிலும் நான் என் கணவரிடம் அதை மெதுவாகத்தான் சொன்னேன். ராணி அக்கா ஒருமுறை இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சந்தோஷம் வந்தா உடனே கத்திச் சொல்லிடணும் லா. ரொட்டி சானாய் மாதிரி, எங்க ஊரு பரோட்டா. ஆறிப்போனா மெல்ல முடியாது."

போன வாரம் என் மகள் மயூரி அழைத்தாள். இங்கேயே பிறந்தவள், நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள். கார் ஓட்டும் உரிமத்துக்கான தேர்வில் முன்பு தவறி, மனம் உடைந்திருந்தவள். நான் சூப்பர் மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்தில், தள்ளுவண்டியோடு நின்றிருந்தேன். "மம், ஐ பாஸ்ட்," என்றாள், ஒன்றுமே நடக்காதது போல, என்னைப் போலவே மெதுவாக.

நான் கத்தினேன். வண்டியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி தன்பாட்டில் உருண்டுபோய் ஒரு கம்பத்தில் முட்டி நின்றது. மறுமுனையில் மயூரி சிரித்தாள்.

"அம்மா, யூ சவுண்ட் ஜஸ்ட் லைக் ராணி ஆன்ட்டி."

"ஓம்," என்றேன்.